ஏ-9 வீதி திறந்தபோது வந்ததும் போனதும்



போன கிழமை ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன், "சேர், கொழும்பில் வெளிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். ரோட்டு வந்தபிறகு எங்கட ஊருக்கு என்ன குறை?" என்று கேட்டான். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அது எங்களுக்கு அடைபட்டது. சீமெந்து, மண்ணெண்ணெய், பற்றரி, உரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு போவதென்றால் கிளாலியில் இரவில் படகேறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலேரியைக் கடந்தோம்.

2002 இல் சமாதான காலத்தில் வீதி திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டிப் பயணம் செய்தோம். 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடினார்கள். 2009 இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறந்து, சீனக் கடனில் காப்பெற் வீதியாக்கினார்கள். 2011 தை மாதம் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்தது.

நன்மையை நான் மறைக்கவில்லை. இன்று ஒரு நோயாளியை இரவோடிரவாகக் கொழும்புக்குக் கொண்டுபோகலாம். எங்கள் வெங்காயம் லொறியில் தம்புள்ளைச் சந்தைக்குப் போகிறது.

ஆனால் அதே வீதியால் தம்புள்ளை மரக்கறியும் இங்கே வந்தது. தடைக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் சவர்க்காரம் செய்து விற்ற குடும்பம், தெற்கிலிருந்து வந்த சரக்குக்கு முன் ஒரு வருடமும் தாக்குப்பிடிக்கவில்லை. இருபது வருடம் அடைபட்டுக் கிடந்தவனையும் இருபது வருடம் முதல் சேர்த்தவனையும் ஒரே நாளில் ஒரே ஓட்டத்தில் விட்டார்கள். யார் முந்துவார் என்று சொல்லவேண்டுமா?

சரக்குக்குப் பின்னால் கடன் வந்தது. லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வீட்டு வாசலுக்கே வந்தன. நிலைமை முற்றி, 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துத் தவணை தவறிய, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது.

என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த ஒரு பிள்ளை, போரில் கணவனை இழந்தவள், ஒருநாள் கடன் துண்டுடன் வந்தாள். இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். கட்டக் கட்ட முதல் குறைகிறது. வட்டியை மட்டும் கடைசிவரை முழு முதலுக்கும் போட்டிருந்தார்கள். உண்மையான வட்டி அவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "இதை நீங்கள் படிப்பிக்கவில்லையே சேர்" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

வீதி வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். மூடியிருந்த வீதி என்னவென்று அனுபவித்தவன் நான். வீதியோடு சேர்த்து, குறைந்த வட்டிக்கு முதலும் விளைச்சலைக் காத்து வைக்கக் களஞ்சியமும் வந்திருக்கவேண்டும் என்பதே என் கவலை.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளே, ஊரில் வளைவு கட்டக் காசு அனுப்புமுன், எங்கள் கூட்டுறவுச் சங்கத்தை ஒருமுறை நினையுங்கள். அடுத்தமுறை அந்த வீதியால் வரும்போது, வீட்டுக்கும் வாருங்கள். தேத்தண்ணி குடித்துக் கதைப்போம்.