பொனெகில்லாவில் பிறந்த வகுப்பு

ஆஸ்திரேலியாவில் குடியேறும் பெரியவர்களுக்கு அந்நாட்டு அரசே காசு வாங்காமல் ஆங்கிலம் சொல்லித் தருகிறது. 1948இல் தொடங்கிய ஏற்பாடு இன்றும் நடக்கிறது. இது பிறந்த கதையைச் சொல்ல 1901க்குப் போக வேண்டும். அதே அரசு அப்போது மொழியை வேறொரு வேலைக்கு வைத்திருந்தது.

அந்த ஆண்டு வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், சொல்வதைக் கேட்டு எழுதும் தேர்வு ஒன்று இருந்தது. கப்பலில் வந்தவருக்கு அதிகாரி 50 சொற்கள் கொண்ட பத்தியை வாசிப்பார்; வந்தவர் அதை எழுதிக் காட்ட வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் வாசிப்பது என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் வேறு மொழியில் வாசித்தால் போதும், ஆள் தேறமாட்டார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலே வெள்ளையர் அல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது. பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகளாக இருந்த இந்தியர்களுக்கும் இந்தக் கதவு சாத்தப்பட்டது. வேண்டாதவர் யாரென்றாலும் இது உதவியது. 1934இல் பிராக் நகரத்துப் பத்திரிகையாளர் எகோன் கிஷ், பாசிசத்துக்கு எதிராகப் பேச வந்தார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழிகளில் அது சேராது என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு மட்டும் 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் கணக்கை மாற்றியது. இவ்வளவு பெரிய கண்டத்தில் 70 லட்சத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். தொழிற்சாலைக்கும் அணை வேலைக்கும் ஆள் இல்லை. முதல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல், பிரிட்டனிலிருந்து மட்டும் போதிய ஆள் கிடைக்காது என்று கண்டதும், ஐரோப்பாவின் அகதி முகாம்களைப் பார்த்தார். 1947 நவம்பர் 28 அன்று, லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியாவைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்ட இளைஞர்களும் பெண்களும் கப்பலில் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து விக்டோரியா மாநிலத்தின் பொனெகில்லா முகாமுக்கு. போர்க்காலத்தில் ராணுவம் இருந்த இடம் அது. தகரக் கூரைக் கொட்டகைகள். அரசு சொல்லும் இடத்தில் 2 ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மேஸ்திரி "விலகு" என்று கத்தும்போது அர்த்தம் புரியாத தொழிலாளியைச் சுரங்கத்திலோ அணைக்கட்டிலோ நிறுத்த முடியாது. ஆகவே இலவச வகுப்பு அவசியமானது. கருணையால் மட்டும் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். தேவையிலிருந்து பிறந்ததால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

வகுப்பில் போலந்துக்காரரும் உக்ரேனியரும் லாத்வியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் மொழியும் தெரிந்த ஆசிரியருக்கு எங்கே போவது? எனவே மொழிபெயர்ப்பே இல்லாத நேரடி முறையைக் கையாண்டார்கள். ஆசிரியர் பென்சிலைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்வார். மேசையில் வைத்து, எங்கே இருக்கிறது என்று கேட்பார். கதவை நோக்கி நடந்துகொண்டே, தான் செய்வதை வாக்கியமாகச் சொல்வார். வகுப்பு முழுவதும் சேர்ந்து திரும்பச் சொல்லும். ஊரில் டாக்டராகவும் வக்கீலாகவும் இருந்தவர்கள், படிப்பு இங்கே செல்லாது என்பதால் மண்வெட்டி பிடிக்கப் போகிறவர்கள், அந்தப் பெஞ்சுகளில் இருந்தார்கள். அவர்களுடைய மனநிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

முகாமில் கிடைத்த சில வாரம் போதாது. அதனால் கப்பலிலேயே வகுப்பு எடுத்தார்கள். வேலைக்குப் போன ஊர்களில் மாலை வகுப்பு நடந்தது. தொலைவில் இருந்தவர்களுக்குத் தபாலிலும் வானொலியிலும் பாடம் போனது. இதில் விடுபட்டவர்கள் பெண்கள். கைக்குழந்தையோடு ராத்திரி வகுப்புக்கு யார் போவார்கள்? பகல் வகுப்புகளும், வீட்டுக்கே வந்து சொல்லித் தரும் தன்னார்வலர்களும் பிற்பாடுதான் வந்தார்கள். ஆண்கள் பேசக் கற்று, மனைவிமார் பல வருஷம் பேசாமலே கடைக்குப் போய்வந்த குடும்பங்கள் ஏராளம்.

1971இல் இந்த ஆங்கில வகுப்புகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுத்துவந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் ஒழிந்தது. பிறகு வியட்நாமியர் வந்தார்கள். இலங்கையில் நடந்த 1983 வன்முறைக்குப் பின் ஈழத் தமிழர்கள் வந்தார்கள். ஒரு காலத்தில் 50 சொற்களால் தடுக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் இப்போது அரசு செலவில் படித்தார்கள். பாடமும் மாறியது: டாக்டரிடம் தொலைபேசியில் நேரம் கேட்பது, விண்ணப்பம் நிரப்புவது, பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பது.

ஒரு குறை நீண்ட காலம் இருந்தது. ஆளுக்கு 510 மணி நேரம் என்பது பொதுவான வரம்பு. தாய்மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரியாமல், பென்சில் பிடிப்பதில் தொடங்குகிறவருக்கும் பட்டதாரிக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? அந்த வரம்பை 2021 ஏப்ரலில்தான் நீக்கினார்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை வகுப்பு நேரத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு.

சிட்னியின் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் பிள்ளைகளோடு நிரந்தரமாகக் குடியேறிவிட்ட நம் அம்மா அப்பாக்களில் பலர், "இந்த வயசில் எதற்கு" என்று இருந்துவிடுகிறார்கள். அவர்கள் விசாவுக்கு இந்த வகுப்பில் சேரத் தகுதி உண்டா என்று பிள்ளைகள் ஒருமுறை கேட்டுப் பார்த்து, முதல் நாள் கூடவே போய் உட்காரவைத்துவிட்டு வரலாம்.