சைக்கிள் ஓடப் பழகிய புதுக்கோட்டைப் பெண்கள்

 

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆப்கானிஸ்தானுக்காகச் சைக்கிள் ஓடிய இரண்டு சகோதரிகளை நம்மில் பலர் செய்திகளில் பார்த்திருப்போம். ஃபரீபா ஹாஷிமி, யுல்துஸ் ஹாஷிமி. ஃபர்யாப் மாகாணத்துப் பிள்ளைகள். தங்கள் முதல் போட்டிக்கு அவர்கள் போனது இரவல் சைக்கிளோடு, பெயரை மாற்றிக்கொண்டு, ஆள் தெரியாதபடி மூடிக்கொண்டு.

2021 ஓகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியது. சகோதரிகள் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஒக்டோபரில் ஆப்கான் பெண்களுக்கான தேசியச் சம்பியன் போட்டி நடந்தது. நடந்த இடம் ஆப்கானிஸ்தான் அல்ல, சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரம். ஃபரீபா முதலாவது, யுல்துஸ் இரண்டாவது. 2023இல் இருவரும் உலகின் முதல்தரப் பெண்கள் அணி ஒன்றில் தொழில்முறை வீராங்கனைகள் ஆனார்கள்.

நாங்கள் பெருமைப்பட்டோம். ஆனால் சொந்த நாட்டுப் பட்டத்தை அந்நிய நாட்டு வீதியில் வெல்ல வேண்டி வந்ததே என்ற கவலையும் இருந்தது.

அந்தக் கவலையோடு திரும்பிப் பார்த்தால், நமது மொழி பேசும் ஒரு மாவட்டத்தில் 30 வருடங்களுக்கு முன் நடந்த கதை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை அப்போது மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளையும் பழக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். தொண்டர் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், தாதிமார், ஆசிரியைகள் என்று எல்லோரும் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் அதிகமான பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் எழுதியதன்படி, பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சைக்கிள் பழகியிருந்தார்கள்.

லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டது, விலையும் கூட. பெண்கள் பின்வாங்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமானது. சாமான் விற்கப் போனவர்கள் கூடுதலான ஊர்களுக்குப் போனார்கள். தண்ணீர் எடுக்கப் புருஷனையோ மகனையோ பார்த்து நிற்கத் தேவைப்படவில்லை.

அங்கேயும் ஏச்சும் பரிகாசமும் இருந்தன. ஆனால் ஒருத்தி தனியாக ஓடினால் ஊர் கதைக்கும், ஊரில் பாதிப் பேர் ஓடும்போது கதைப்பதற்கு ஆள் குறையும். ஹாஷிமி சகோதரிகளுக்குக் கிடைக்காதது அந்தக் கூட்டம்தான். அரசும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து நின்றதால் புதுக்கோட்டைப் பெண்கள் முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். பனிச்சங்கேணியில், வாகரை வீதியில், பெண்பிள்ளைகள் சைக்கிளில் போவது புதினமில்லை. பாலத்தில் எதிர்க்காற்றில் மிதிக்கும் பிள்ளைகளை எல்லோரும் காண்கிறோம். ஆனால் பத்தாம், பதினோராம் வகுப்புக்கு வந்ததும் சில வீடுகளில் அக்காவின் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை வாப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து நிற்கிறது. வாப்பாவோ அப்பாவோ தோணியில் போன நாளில் வகுப்பும் இல்லை, டியூஷனும் இல்லை. ஓ.எல். பரீட்சை நெருங்கும் வருடத்தில்தான் இது நடக்கிறது. இதில் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் காணவில்லை.

பெற்றோரின் பயம் பொய்யல்ல. வீதியில் வாகனம் கூடிவிட்டது, கதைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் புதுக்கோட்டை காட்டிய வழி லேசானது. ஒரு பிள்ளையைத் தனியே அனுப்பப் பயமென்றால், ஒரே ஒழுங்கையில் இருக்கும் நாலு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். உம்மாமாரும் அம்மாமாரும் ஒருவரோடொருவர் பேசி நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். பழுதாகிக் கிடக்கும் சைக்கிள் இருந்தால் திருத்திக் கொடுங்கள். தம்பிக்கு வேறொன்று பார்ப்போம்.

உங்கள் ஒழுங்கையில் இப்படிச் சேர்ந்து போகும் பிள்ளைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கும் தைரியம் வரும், இன்ஷா அல்லாஹ்.