வயலில் ஒருவர், பட்டாவில் இன்னொருவர்: யார் 'விவசாயி'?

நாற்று நடுவது, களை எடுப்பது, மாட்டைப் பார்ப்பது, விதையை எடுத்து வைப்பது... உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் "விவசாயி யாரு?"ன்னு கேட்டால், கை நீளுவது வீட்டு ஆண் பக்கம். அரசுப் பதிவேடும் அதையேதான் சொல்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 77% பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆண்களில் இது சுமார் 49% தான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலத்தை நிர்வகிப்பவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14%. அவர்கள் கையில் இருந்த பரப்பு 12 சதவீதத்துக்கும் குறைவு.

பெயர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. பட்டா இல்லாவிட்டால் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. இளைஞர்களுக்கும் இதே சிக்கல்தான். அப்பா பெயரில் நிலம் இருக்கும்வரை, புதுப் பயிர் போட நினைக்கும் மகனும் மகளும் வங்கி வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இடம் கொடுக்கவில்லையா?

கொடுக்கிறது. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை தந்தது. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் விவசாய நில வாரிசுரிமைக்குத் தனி நிலச் சட்டம் உண்டு; அங்கே திருமணமான மகள்கள் நெடுங்காலம் பின்வரிசையில்தான் வைக்கப்பட்டார்கள். மற்ற இடங்களில், "அண்ணன்கிட்ட பங்கு கேட்கலாமா?" என்ற தயக்கத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மாற்று முயற்சிகள் உண்டா?

2007 தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் எல்லோரையும் 'விவசாயி' என்றது. பெண் விவசாயிகளின் உரிமைக்காக எம்.எஸ்.சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கிசான் கிரெடிட் கார்டுக்குச் சொந்த நிலம் கட்டாயம் இல்லை. குத்தகைதாரர்களும், கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம்.
* நில உரிமையாளர் இறந்துவிட்டால் பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாதீர்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்கு பிஎம் கிசான் கிடையாது என்றாலும், இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு.
* விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டால், படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பிறகு அதை ரத்து செய்வது லேசான வேலை இல்லை.