பட்ஜெட்டில் மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா? லாக் முதல் சட்டம் வரை கவனிக்க வேண்டியவை!

ரயில் பயணத்தில் ஆப்பிள் நறுக்க, வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரிக்க, மாடித் தோட்டத்தில் கயிறு அறுக்க... இப்படி எத்தனையோ வேலைக்கு சின்னதா ஒரு மடக்குக் கத்தி இருந்தா போதும். ஆனால் ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாமே பளபளப்பு, எல்லாமே 'சூப்பர் ஷார்ப்'!

இதில் தப்பான கத்தியை வாங்கினால் பணம் மட்டும் போகாது. லாக் சரியில்லாத கத்தி உங்கள் விரல் மீதே மடங்கும். வகை தெரியாமல் வாங்கிய கத்தி, சோதனையில் சிக்கினால் வீண் விளக்கம் சொல்ல வைக்கும். குறைந்த விலையில் நல்ல கத்தியை எப்படித் தேர்வு செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பேனாக்கத்தி... பெயரில் ஏன் 'பேனா'?

சின்ன மடக்குக் கத்தியை நம் ஊரில் பேனாக்கத்தி என்பார்கள். பேனா அளவில் இருப்பதால் வந்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இது ஆங்கிலப் பெயரின் வழியாக வந்தது. பறவை இறகால் எழுதிய காலத்தில், இறகின் நுனியை அடிக்கடி சீவ வேண்டியிருந்தது. அதற்காக வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. இறகு போய் மைப்பேனா வந்தது, பால்பாயின்ட் வந்தது. கத்தி மட்டும் பெயரோடு தங்கிவிட்டது.

இந்தியாவில் மடக்குக் கத்தி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரம். பழைய இந்திப் படங்களில் வில்லன்கள் 'டக்'கென்று விரிக்கும் ராம்பூரி கத்தி அந்த ஊர்ப் பெயரில் வந்ததுதான். ஆனால் நாம் பார்க்கப் போவது அந்த வகை அல்ல. இது பழம் நறுக்குற கத்தி.

முதலில் ஒரு கேள்வி: மடக்குக் கத்தி தேவையா?

வீட்டுக்குள் மட்டும்தான் பயன்படுத்தப் போறீங்க என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். உறையோடு வரும் சாதாரண பழம் வெட்டும் கத்தி போதும். மடங்கும் இடம்தான் எந்த மடக்குக் கத்திக்கும் பலவீனமான இடம். அதனால் ஒரே விலையில், மடங்காத கத்தி எப்போதும் உறுதியானது, கழுவுவதும் சுலபம்.

பையில், வண்டியில், பயணத்தில் வைத்திருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் மடக்குக் கத்தி. அப்படியென்றால் மேலே படியுங்கள்.

முதல் பரிசோதனை: லாக்

விலை குறைந்த கத்திகளில் முதலில் சொதப்புவது இதுதான். விரித்த பிளேடு தானாக மடங்காமல் எது தடுக்கிறது என்று பாருங்கள். பொதுவாக நான்கு வகை உண்டு.

* லாக் இல்லாதது: பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே பிளேடை நிறுத்தி வைக்கும். சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. பழம், காகிதம், கயிறு போன்ற வேலைக்குப் போதும். முனையைக் குத்தித் திருகினால் மடங்கிவிடும்.
* லைனர் லாக்: பிடியின் உள்பக்கத் தகடு நகர்ந்து வந்து பிளேடின் அடியில் முட்டி நிற்கும். மலிவான கத்திகளில் அதிகம் வருவது இதுதான். தகடு மெல்லியதாக இருந்தால் வழுக்கிவிடும்.
* பேக் லாக்: பிடியின் முதுகுப் பக்கம் உள்ள பட்டை பிளேடைக் கவ்விக்கொள்ளும். உறுதியானது. மூட ஒரு கை போதாது, இரண்டு கை வேண்டும்.
* வளைய லாக்: பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருகினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். எளிமையான அமைப்பு, பழுதாவது அரிது.

கடையில் வாங்கினால் இப்படிச் சோதிக்கலாம். பிளேடை முழுதாக விரித்து, விரல்கள் பிளேடு மடங்கும் பாதையில் வராதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, பிளேடின் முதுகை மெதுவாக அழுத்துங்கள். லாக் நகரவே கூடாது. அடுத்து பிளேடை இடவலமாக அசைத்துப் பாருங்கள். 'கடகட'வென ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். மூடிய நிலையில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வேண்டாம், பையில் கை விடும்போது கிழிக்கும்.

பிளேடு: பெயரைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க

விளம்பரத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. சாப்பாட்டு ஸ்பூனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். என்ன வகை ஸ்டீல் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு '440' என்று மட்டும் போட்டிருக்கும். அதில் 440ஏ, 440பி, 440சி என மூன்று உண்டு. ஏ-வில் கார்பன் சுமார் 0.60 முதல் 0.75 சதவீதம். சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம். கார்பன் கூடினால் ஸ்டீலை அதிகம் கடினமாக்கலாம், கூர் நீண்ட நாள் நிற்கும். எழுத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், விலை குறைந்த வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீலின் கடினத்தன்மையை ராக்வெல் 'சி' என்ற அளவுகோலில் சொல்வார்கள். மடக்குக் கத்திக்கு 55 முதல் 60 வரை நல்லது. அதற்குக் கீழே போனால் கூர் சீக்கிரம் மழுங்கும். ரொம்ப மேலே போனால் கூர் நிற்கும், ஆனால் வீட்டில் தீட்டுவது கஷ்டம். விளிம்பு சில்லு சில்லாக உடையவும் செய்யும். தீட்டத் தெரிந்தவருக்கு 56 உள்ள கத்தியே தாராளம்.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கார்பன் ஸ்டீல் சட்டென்று கூராகும். ஆனால் துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் பிளேடு கறுக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகை போல உப்புக் காற்று வீசும் ஊர்களில் இருப்பவர்கள் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை இருப்பவர்களுக்கு கார்பன் ஸ்டீல்.

தடிமன்: யாரும் கவனிக்காத விஷயம்

'ஹெவி டியூட்டி' என்று விற்கப்படும் பல கத்திகளில் பிளேடு 3, 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கையில் வாங்கினால் கனமாக, உறுதியாகத் தோன்றும். ஆனால் ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். நறுக்கும் வேலைக்கு சுமார் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான பிளேடுதான் சரி.

நீளம் 6 முதல் 8 சென்டிமீட்டர் போதும். பாதி நேராகவும் பாதி ரம்பப் பல்லாகவும் வரும் பிளேடு வேண்டாம். ரம்பப் பல்லை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது.

உலகம் முழுக்க விற்கும் இரண்டு 'சிக்கன' கத்திகள்

குறைந்த விலைக்கு நல்ல கத்தி எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. வாங்காவிட்டாலும், மற்ற கத்திகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஓபினெல்: பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-ல் உருவாக்கியது. விவசாயிகளுக்கான கத்தி. மரப்பிடி, மெல்லிய பிளேடு, ஒரு வளையம், ஒரு ஆணி. அவ்வளவுதான்! 1955-ல் சேர்க்கப்பட்டதுதான் அந்த வளைய லாக். 8ஆம் எண் கத்தியின் பிளேடு நீளம் 8.5 செ.மீ., எடை சுமார் 45 கிராம். கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் கிடைக்கிறது. ஒரு குறை: ஈரம் பட்டால் மரப்பிடி உப்பி, பிளேடு இறுகிக்கொள்ளும். நம் மழைக்காலத்தில் இதை நிச்சயம் எதிர்பார்க்கலாம். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் லேசாகத் தட்டினால் பிளேடு கொஞ்சம் வெளியே வரும், பிறகு விரிக்கலாம்.

விக்டோரினாக்ஸ்: சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறை. 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்கு கத்தி கொடுத்தது. இதன் மிகச் சிறிய 'கிளாசிக்' மாடல் மூடிய நிலையில் 58 மில்லிமீட்டர்தான். அதற்குள் பிளேடு, கத்தரிக்கோல், நக அரம், முள் எடுக்கும் இடுக்கி, பல்குத்தி எல்லாம் உண்டு. லாக் கிடையாது. கடினத்தன்மை 56 அளவில்தான் இருக்கும். அதனால்தான் தீட்டுவது சுலபம்.

இரண்டிலுமே பிளேடின் தடிமனும் பதமும் சரியாக இருக்கின்றன. அலங்காரத்துக்கு செலவு செய்யவில்லை. பட்ஜெட்டில் தேடும்போது இந்தக் குணத்தைத்தான் தேட வேண்டும்.

ஆன்லைனில் ஏமாற்றும் வார்த்தைகள்

* 'டமாஸ்கஸ்': உண்மையான டமாஸ்கஸ் பிளேடில் வெவ்வேறு ஸ்டீல்களை அடுக்கி, காய்ச்சி அடித்து இணைப்பார்கள். அலை அலையான வரி அதனால் வருவது. மலிவான கத்தியில் அந்த வரி மேலே பொறித்த வெறும் டிசைனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.
* '10 இன் 1': கண்ணாடி உடைப்பான், டார்ச், விசில், கத்தி எல்லாம் ஒன்றிலேயே! காசு பத்தாகப் பிரிந்து போனால் பிளேடுக்கு என்ன மிஞ்சும்?
* 'டாக்டிகல்', 'கமாண்டோ', 'செல்ஃப் டிஃபென்ஸ்': தரத்தைப் பற்றி இவை ஒன்றுமே சொல்வதில்லை. சட்டச் சிக்கலுக்கு மட்டும் வழி காட்டலாம். எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருட்கள் 'ஆயுதம்' என்கிறது அந்தச் சட்டம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்டவை அதில் சேராது.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்துள்ளன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவைக்கு இதிலும் விலக்கு உண்டு. 8 செ.மீ. பழக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்போ பிரச்சனை எங்கே? மூன்று இடத்தில்.

1. பட்டன் கத்தி: பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் பாய்ந்து திறக்கும் வகை. டெல்லியில் 1980-ல் வெளியான அறிவிக்கை, பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டும் இந்த வகைக் கத்திகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பழம் நறுக்க ஸ்பிரிங் எதற்கு? இந்த வகையை வாங்கவே வேண்டாம்.

2. நோக்கம்: மேலே சொன்ன 'தற்காப்பு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். விளம்பரம் பெருமையாகச் சொல்லும் அதே விஷயம்தான் சட்டத்தில் ஆயுதத்துக்கான விளக்கத்திலும் இருக்கிறது. அப்படி விற்கப்படும் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு "பழம் நறுக்கத்தான் சார்" என்று சொன்னால் எடுபடுமா? தவிர, சண்டையில் நீட்டும் கத்தி பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். தற்காப்புக்காக கத்தி வாங்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுவதே நல்லது.

3. இடம்: விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் அனுமதி இல்லை. செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். சாவிக் கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெட்ரோ, நீதிமன்றம், கூட்டம், ஊர்வலம் போன்ற இடங்களுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 3 அங்குலத்துக்குள் பிளேடு உள்ள, லாக் இல்லாத மடக்குக் கத்தியை மட்டுமே தக்க காரணமின்றியும் வெளியே எடுத்துச் செல்லலாம். லாக் இருந்தால், சின்னதாக இருந்தாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். நம் விரலுக்குப் பாதுகாப்பான லாக், அங்கே சட்டத்துக்கு ஆகாது!

கத்தியோடு ஒரு கல்லும் வாங்குங்க

எவ்வளவு விலை கொடுத்தாலும் கூர் மழுங்கத்தான் செய்யும். அதனால் மொத்த பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கை சாணைக்கல்லுக்கு ஒதுக்குங்கள். 1000 கிரிட் அளவுள்ள ஒரு கல் போதும். கல்லில் தண்ணீர் விட்டு, பிளேடை சுமார் 20 டிகிரி சாய்வில் வைத்து, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும்.

கல் இல்லையா? பீங்கான் காபி கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும். லேசாக மழுங்கிய கத்திக்கு அதுவே போதும். தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள். தீப்பொறி பறக்கத் தொடர்ந்து தீட்டினால் மெல்லிய பிளேடு சூடாகி பதம் இழந்துவிடும்.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மடக்குங்கள். மடங்கும் இடத்தில் எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய். ஸ்குரூ திருக, டப்பா மூடி நெம்ப, தேங்காய் உடைக்க இந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். முனை உடைவதும் லாக் தளர்வதும் இதனால்தான்.

வாங்கும் முன் ஒரு நிமிஷ செக்லிஸ்ட்

* லாக் அழுத்தினால் நகரக் கூடாது. பிளேடு ஆடக் கூடாது.
* ஸ்டீல் வகை தெளிவாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.
* பிளேடு 2 மி.மீ. அளவில் மெல்லியதாக, 8 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.
* பட்டன், ஸ்பிரிங் வேண்டாம்.
* ஆன்லைன் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வந்ததும் லாக்கைச் சோதித்து, சரியில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.
* வீட்டில் குழந்தைகள் இருந்தால், கத்தியை வைக்கும் இடத்தை முதலில் முடிவு பண்ணிட்டு அப்புறம் வாங்குங்க.