இஸ்டோர் தெரிந்த பிள்ளைகளும் விமானப்படையின் ஸ்டோர்ஸும்

விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தால் அந்தக் கிழமை முழுக்க எங்களிடம் ஒரே கேள்விதான். "சேர், லொஜிஸ்டிக்ஸ் என்று போட்டிருக்கே, அது என்ன வேலை? எங்களையும் எடுப்பாங்களா?" பைலட் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும். மெக்கானிக் என்றாலும் தெரியும். லொஜிஸ்டிக்ஸ்தான் தடக்குகிறது. முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் ஒவ்வொரு தடவையும் சரித்திரப் பாடமாகத்தான் முடிகிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஒரு விமானம் பறக்க எரிபொருள் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், டயர் வேண்டும். பறப்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் சாப்பாடு, சீருடை, படுக்கை வேண்டும். இவையெல்லாம் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, எப்போது முடியும், யார் கையெழுத்தில் வெளியே போனது என்று கணக்கு வைத்து, தேவையான இடத்துக்குத் தேவையான நேரத்தில் கொண்டு சேர்ப்பதுதான் லொஜிஸ்டிக்ஸ். சாமான் இலக்கம் பிழைத்தால் விமானம் தரையிலேயே நிற்கும்.

இதைக் கேட்டதும் தோட்டத்துப் பிள்ளை சிரிக்க வேண்டும். ஏனென்றால் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் பழைய பெயரே "இஸ்டோர்". கோப்பிக் காலத்தில் கொட்டையைக் காயவைத்துக் கட்டிவைத்த கட்டடத்தை ஆங்கிலேயத் துரை ஸ்டோர் என்றார். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, யந்திரங்கள் வந்தன, பெயர் மட்டும் போகவில்லை. மலையில் கொழுந்தை நிறுத்துக் கணக்கப்பிள்ளை துண்டு எழுதுவதில் தொடங்கி, கடைசியில் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர், ரகம், இன்வாய்ஸ் இலக்கம், மொத்த நிறை, பெட்டி நிறை, தேயிலை நிறை என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்புவது வரை எல்லாமே சாமான் கணக்குத்தான். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு கோச்சி ஹட்டனுக்கு வந்தது, 1885இல் நானுஓயாவுக்கு. அன்றிலிருந்து அந்தப் பாதையில் கீழே போனது தேயிலை, மேலே வந்தது அரிசி. ஒரு நாட்டின் முக்கிய ஏற்றுமதியை நூறு வருடத்துக்கு மேல் கையால் பறித்து, தலையில் சுமந்து, பெட்டியில் அடைத்து அனுப்பிய சனம் இது.

சாமான் போல இவர்களையும் அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் கையில் ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். வழியில் உள்ள அதிகாரிகள் அந்தத் தகரத்தைப் பார்த்து ஆளை அடுத்த இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஆளின் பெயரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

தோட்டங்களில் படை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்று 1900இல் அமைத்தார்கள், தலைமையகம் கண்டியில். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914இல் அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். அத்தனை பேரும் ஐரோப்பியர், பெரும்பாலும் துரைமார். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடப்பட்டவர்களுக்கு அந்தப் படையில் இடம் கிடையாது. அந்தப் படை 1949இல் கலைக்கப்பட்டது.

1949ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதையின் கொழுக்கி அங்கேதான் மாட்டியிருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. நீ இங்கே பிறந்தாய் என்பது அந்தச் சட்டத்துக்குப் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே தேடுவது?

பிறகு 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். பெயரில் பாகிஸ்தான் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி: தோட்டத்துச் சனத்தோடு, இந்தப் பக்கங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் மற்ற வியாபாரிகளும் அதே வலைக்குள்தான் வந்தார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடைவீதியில் வளர்ந்து தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை இல்லை.

அந்தச் சட்டத்தின்படி மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சாவு வீட்டில் தங்கி வந்தவர் அந்தத் 'தொடர்ச்சி'க்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. செக்றோலைத் தேடித் தோட்டத் தோட்டமாய் அலைந்தவர்கள் எத்தனை பேர். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின, கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே 1949இல் இன்னொரு திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஆக்கியது.

அதே 1949இன் 41ஆம் இலக்கச் சட்டம்தான் விமானப்படைச் சட்டம்.

ரோயல் சிலோன் எயார் ஃபோர்ஸ் 1951 மார்ச் 2இல் பிறந்தது. தோட்டத்துச் சனம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. இடையில் ஐந்து மாதம். கொழும்பில் ஒரு மேசையில் படைக்கு ஆள் சேர்க்கும் படிவம், மலையில் இன்னொரு மேசையில் நீ இந்த நாட்டு ஆளா என்று கேட்கும் படிவம். இரண்டாவதில் பாஸாகாதவர் முதலாவதைக் கையில் எடுக்கவே முடியாது, ஏனென்றால் அரச சேவைக்கும் படைகளுக்கும் முதல் தகைமை பிரஜையாக இருப்பது. விமானப்படையின் முதல் தளபதி குரூப் கப்டன் பிளேடன், பிரித்தானிய விமானப்படை அதிகாரி. அவருக்குப் பிறகு வந்தவரும் பிரித்தானியர்தான். இலங்கையர் ஒருவர், ரொஹான் அமரசேகர, தளபதியானது 1962இல். புதுப் படை நடத்தத் தெரிந்தவரை வெளியிலிருந்து எடுப்பது வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் பிறந்தவர் தளபதியாக இருக்கலாம், நானுஓயாவில் பிறந்தவன் அதே படையின் ஸ்டோரில் பெட்டி எண்ண முடியாது என்ற நிலையை வேறு எப்படிச் சொல்வது?

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, 1 இலட்சத்து 50 ஆயிரம் 'பிறகு பார்ப்போம்'. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்கு 75 ஆயிரமாகப் பாதி பிரித்தார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும் போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். வருகை, வெளியேற்றம், கையிருப்பு. ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதுகிற அதே முறை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கத்தில், தம்பி இன்னொரு பக்கத்தில் பதியப்பட்டார்கள். நானுஓயாவிலும் ஹட்டனிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியில் இருக்கிறார்கள்.

படைக்குக் களஞ்சியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே காலத்திலேயே உதாரணம் உண்டு. 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தபோது விமானப்படையின் ஜெட் ப்ரொவோஸ்ட் விமானங்கள் சேவையில் இல்லை. சீனன்குடாவில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சில நாட்களுக்குள் மறுபடி பறக்க வைத்தார்கள். எடுத்து வைத்த பொருளை ஒழுங்காக வைத்திருந்தால்தான் அது நடக்கும். அந்தக் கிளர்ச்சியை நடத்திய ஜே.வி.பி. தன் வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்ற பாடத்தில் தோட்டத் தொழிலாளரைச் சந்தேகத்தோடு சுட்டிக்காட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. அரசாங்கமும் அவர்களைத் தன் ஆள் என்று எண்ணவில்லை, அரசாங்கத்தை எதிர்த்தவர்களும் எண்ணவில்லை.

விமானம் என்றால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவு வருவது வேறு. 1974 டிசம்பர் 4 இரவு நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் ஒரு டச்சு விமானம் மோதியது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் உட்பட 191 பேரும் இறந்தார்கள். மக்காவுக்குப் போகவிருந்தவர்களின் கதையை எங்களுக்குச் சொன்னவர்கள் தோட்டத்துப் பாட்டிமார்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாடற்றவர் என்ற நிலை துண்டு துண்டாகத்தான் தீர்ந்தது. 1986இல் ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று. கடைசியாக 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம்: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை. அதன் கீழ் சில நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் விண்ணப்பித்து முடித்தார்கள். ஆக, விமானப்படை ஆரம்பித்து 52 வருடம் கழித்துத்தான் மலையகத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும் சட்டப்படி அந்தப் படிவத்தைக் கையில் எடுக்க முடிந்தது. அதற்கு நடுவில் போர்க்காலம். கொழும்பில் வேலைக்குப் போன தோட்டத்து இளைஞர்கள் அடையாள அட்டை இல்லாததற்காகவே உள்ளே போன வருடங்கள். ஸ்டோர்ஸ் வேலை என்பது சாவியை ஒருவரிடம் கொடுப்பது. சந்தேகப்படுகிறவனிடம் யாரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

படிப்பும் ஒரு காரணம்தான். 1970கள் வரை தோட்டப் பாடசாலை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் ஓரறைக் கட்டடம். அரசு பொறுப்பேற்ற பிறகுதான் சாதாரண தரம் என்ற சொல்லே பல லயங்களுக்கு வந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்று வெளியே வந்தவர்கள் இன்று தோட்டம் தோட்டமாக நிற்கிறோம். கணிதமும் ஆங்கிலமும் சித்தியடைந்த பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். சிங்களம் இன்னும் தடைதான், அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

சேரச் சொல்வதும் வேண்டாம் என்பதும் எங்கள் வேலை இல்லை. போரைப் பார்த்த பெற்றோர் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது, அதை வீட்டில் பேசித் தீர்க்கட்டும். ஆனால் காகிதம் இல்லாததால் ஒரு பிள்ளை நின்றுவிடக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. இப்போதும் பிரச்சினை காகிதம்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முகவரி என்று கேட்டால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும், நூறு வீட்டுக்கும் ஒரே முகவரி. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கடிதங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால்தான் டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுக்கும் பழக்கம் வந்தது.

இன்னொன்று. அரச வேலை விண்ணப்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி வரும்: இலங்கைப் பிரஜை எனில் வம்சாவளியாலா, பதிவினாலா? பதிவு எனில் சான்றிதழ் இலக்கம், திகதி. அந்த இடத்தில் வந்ததும் பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம். 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையை வாசியுங்கள். எந்த வழியால் பிரஜையானவர் என்பதை வைத்து எந்தத் தேவைக்காகவும் வேறுபாடு காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பதிவுச் சான்றிதழ் இருக்கும், அதைத் தேடி எடுத்து இலக்கத்தைப் பிழையில்லாமல் எழுதுங்கள். பெயர் திருத்தம் இருந்தால் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், மாதக்கணக்கில் எடுக்கும். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் இருப்போம்.