கேள்வியும் குற்றமான காலம்

கேட்டறிவதன் மேன்மையை உணர்த்த வள்ளுவப் பெருந்தகை ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அக்கேள்வியே கொடுங்குற்றமாகக் கருதப்பட்ட காலமும் மலாயாவில் இருந்தது. 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்காலமே அது. நேச நாடுகளின் வானொலிச் செய்தியைக் கேட்டவர் உயிரையும் இழக்க நேரிடலாம் என்பது அன்றைய நிலை.

அந்நிலையிலும் அஞ்சாது கேட்டவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். 1899ஆம் ஆண்டில் சுமத்திராவின் மேடானில் பிறந்த யுரேசியரான இவர், இலங்கைத் தமிழ் மரபினரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார், தாதியாகப் பணியாற்றினார். 1941 டிசம்பரில் ஈப்போ மீது குண்டுகள் வீழ்ந்தபின், பத்து காஜாவுக்கு அருகிலுள்ள பாப்பான் எனும் ஈயச் சுரங்கச் சிற்றூரில் குடும்பத்துடன் குடியேறினார். அவர்தம் இல்லம் ஏழை எளியோருக்கு மருந்தகமாயிற்று. காயமுற்ற கெரில்லாப் போராளிகளும் இருளில் மறைந்து வந்து அங்கே சிகிச்சை பெற்றனர். வானொலிப் பெட்டிக்கு ‘ஜோசபின்’ என மறைபெயர் சூட்டி, பிபிசி செய்திகளை இரகசியமாகக் கேட்டு, நம்பத் தகுந்தோர்க்கு உரைத்தார்.

1943ஆம் ஆண்டில் அம்மையார் கைது செய்யப்பட்டார். பெற்ற மகளைக் கண்முன் நிறுத்தி அச்சுறுத்தியபோதும் அவர் போராளிகளைக் காட்டிக் கொடுத்தாரில்லை. போர் முடியும்வரை பத்து காஜா சிறையில் வாடினார். விடுதலைக்குப்பின் பிரிட்டனில் சிகிச்சை பெற்றார்; ஜார்ஜ் பதக்கம் பெற்றார்; எனினும் 1948 ஜூன் 12ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். பின்னர் அவர் பூதவுடல் ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்டது. 1954இல் வெளிவந்த நினைவு நூலும் நினைவில்லமான பாப்பான் வீடும் அவர் புகழை இன்றும் உரைக்கின்றன.

ஆனால், அதே போர்க்காலத்தில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரின் நிலை என்ன? ஆயிரமாயிரமாய் மாண்ட அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதோர். ஆகவே நூலெழுதி வைத்தவர் அரியர். தாய்லாந்தில், அப்பாதையில் மலை குடைந்த ‘நரகத்தீக் கணவாய்’ அருகே 1998இல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ஆங்குச் செல்வோர் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் நினைவுகளை அவர்தம் குரலிலேயே ஒலிக்கருவி வழிக் கேட்கின்றனர். நம்மவர் குரலும் அவ்வாறு ஒலிக்க வேண்டாமா?

அத்தலைமுறையினருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். எனினும், அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த மக்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அம்முதியோரிடம் அனுப்ப வேண்டும்; ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, அவர்கள் கூறுவதை ஒலிப்பதிவு செய்யப் பழக்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்துக் கேட்டார் அம்மையார். நமக்கோ அத்தகைய தடை எதுவுமில்லை.