கேட்போர் யார்? ஒரு சட்டத்தின் கதை

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று என்று நன்னூல் வகுத்திருக்கிறது. இந்நூல் யாருக்கு உரியது என்பதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைப் பிழையாகச் சொன்னதற்காகப் புலவர் எவரும் அபராதம் கட்டியதாக நாம் அறிந்ததில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில், எந்நாட்டவராயினும், யூடியூபில் காணொளி இடுவோர் அனைவரும் இதே கேள்விக்கு விடையளிக்க நேர்ந்தது. இது குழந்தைகளுக்காக ஆக்கப்பட்டதா, இல்லையா? விடை தவறினால், மீறல் ஒன்றுக்கு 42,530 டாலர் வரை தண்டம் விதிக்க அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இடமிருந்தது.

இந்தக் கேள்வியின் வேர் 1990களில் இருக்கிறது. அக்காலத்தில் சிறுவர்க்கான வலைத்தளங்கள் விளையாட்டையும் பரிசையும் காட்டிக் குழந்தைகளிடம் பெயர், முகவரி, வீட்டு விவரங்களைக் கேட்டு வாங்கின. ஃபெடரல் டிரேட் கமிஷன் என்னும் அமெரிக்க வணிக ஆணையம் 1998இல் 212 சிறுவர் தளங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 89 விழுக்காடு குழந்தைகளிடமிருந்து சொந்தத் தகவல்களைத் திரட்டின. பெற்றோர் தலையிட ஏதேனும் வழி வைத்திருந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டமே 'காப்பா' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. அதன் விதிகள் 2000 ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. பதின்மூன்று வயது நிரம்பாதவரின் தகவலைப் பெறுமுன் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கத்தக்க முறையில் பெறவேண்டும் என்பது அதன் சாரம். இச்சட்டத்தின் தேவையை நாம் ஐயுறவில்லை.

ஆனால் அச்சட்டம் மனத்தில் கொண்டிருந்த தள உரிமையாளர் வேறொருவர். கடை, கல்லாப்பெட்டி, கணக்குப் புத்தகம் மூன்றும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. 2005இல் யூடியூப் தோன்றியபின் நிலைமை மாறியது. படம் எடுப்பவர் ஒருவர். பார்ப்பவரின் தடத்தைக் குறித்துக்கொள்பவர் மற்றொருவர். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குக்கி போன்ற நிலையான அடையாளக் குறிகளையும் சொந்தத் தகவல் என்று அறிவித்தது. அதன்பின் குழந்தை தன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பார்த்தாலே போதும், தகவல் திரட்டப்பட்டதாகும்.

2019 செப்டம்பர் 4 அன்று, கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதில் 136 மில்லியன் ஆணையத்துக்கு, 34 மில்லியன் நியூயார்க் மாநிலத்துக்கு. குழந்தைகளைச் சென்றடைவதில் தானே முன்னணி என்று பொம்மை நிறுவனமான மேட்டலிடம் யூடியூப் பெருமை பேசியது வழக்கில் வெளிவந்தது. உடன்பாட்டை ஆணையர் மூவர் ஏற்க, இருவர் இது போதாது என்று எதிர்த்தனர். நமது கவனத்துக்குரியது தொகையன்று. சேனல் உரிமையாளர் ஒவ்வொருவரும் தள உரிமையாளரைப் போலவே பொறுப்புடையவர் என்று ஆணையம் கூறியது. விளம்பர வருவாயில் அவர் பங்கு பெறுவதால் தகவல் அவர் பொருட்டும் திரட்டப்படுகிறது என்பது அதன் தர்க்கம். தர்க்கம் பிழையற்றது, ஆயினும் அந்தக் குக்கியை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

இனிப் பொழுதுபோக்காகப் படமெடுப்போரைக் காண்போம். பழைய பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிப் புதுப்பிப்பவர், வீட்டுப் பரணில் சிறு ரயில் ஓட்டுபவர், லெகோ கட்டைகளை நகர்த்தி நகர்த்திப் போர்க்களக் கதை சொல்பவர். இவர்களின் பார்வையாளருள் நடுவயதினர் ஏராளம். படம் சிறுவரை நோக்கியதா என்று தீர்மானிக்க ஆணையம் தந்த அளவுகோல்களோ இவை: பேசுபொருள், கேலிச்சித்திர உருவங்கள், சிறுவர் செயல்பாடுகள், இசை, மொழிநடை முதலியன. ஒன்று மட்டும் முடிவாகாது, அனைத்தையும் சேர்த்து நோக்க வேண்டும் என்றும் சொன்னது. இலக்கிய மாணவருக்கு இது பழகிய சிக்கல். 1726இல் வெளிவந்த கல்லிவரின் பயணங்கள் கடுமையான அரசியல் அங்கதம். குள்ளர்களும் பூதவுருவினரும் இருப்பதாலேயே அது பிள்ளைகளின் அலமாரிக்குப் போயிற்று. ஸ்விஃப்ட் எந்தப் பெட்டியில் குறியிட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

2020 ஜனவரி முதல், 'குழந்தைகளுக்கானது' என்று குறியிட்ட படத்தில் ஆளறிந்து காட்டும் விளம்பரம் இல்லை. பின்னூட்டப் பகுதி மூடப்பட்டது. புதுப்படம் வந்ததைத் தெரிவிக்கும் மணியும் ஓய்ந்தது. அதைப் பார்ப்பவர் அறுபது வயதினராயினும் குழந்தையாகவே கருதப்பட்டார். வருவாய்க் குறைவைப் பற்றியே பலரும் பேசினர். பொழுதுபோக்காளருக்கு அதனினும் பெரிய இழப்பு பின்னூட்டமே என்பது நம் கருத்து. எந்த வண்ணம் பிளாஸ்டிக்கில் ஒட்டும், தேய்ந்த பற்சக்கரம் எங்கே கிடைக்கும் என்று தொலைதூரத்துச் சக ஆர்வலர் சொல்லித்தந்தது அங்கேதான். குறியிடாமல் விட்டாலோ அச்சம். இரு வயதினரும் வரும் தளத்தின் உரிமையாளர் வாயிலில் வயதைக் கேட்டுப் பிரித்தனுப்ப விதியில் வழியுண்டு. யூடியூப் சேனலுக்கு அப்படியொரு வாயில் அன்று தரப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் விதி மறுபரிசீலனைக்கு 1,75,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. தண்டம் விதிக்கையில் ஒருவரின் பொருள்நிலையையும் கருதுவோம் என்று ஆணையம் கூறியது; அச்சத்தின் ஆரவாரத்தில் அது பலர் காதில் விழவில்லை.

ஆணையம் பின்னர்க் கைவைத்த பெரும்புள்ளி பரண் ரயில்காரர் அல்லர். குழந்தைகளுக்கான படங்கள் சிலவற்றை அவ்வாறு குறியிடாததற்காக டிஸ்னி 10 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. படம்தோறும் பார்த்துக் குறியிடாமல், சேனல் முழுமைக்கும் ஒரே குறியை அந்நிறுவனம் இட்டிருந்தது. 2020இலேயே அதன் 300க்கும் மேற்பட்ட படங்களின் குறியை யூடியூப் தானே மாற்றியிருந்தது. இதற்கிடையே 2025 ஜூன் 23 அன்று நடைமுறைக்கு வந்த புதிய திருத்தம், பிறர் எழுதும் மதிப்புரைகளையும், அதையொத்த தளங்களுக்கு வருவோரின் வயதையும் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது. பொம்மை புதுப்பிப்பவர் இப்போது தம் படத்தைப் பற்றி மட்டுமன்றி, அண்டைச் சேனல்களுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.